இரவு விருந்துக்கு ஒரு கடல்நீலக் கோட்டு: துணி, தையல், அணிந்த அனுபவம்

சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியின் உணவகத்துக்கு, மணம் பேசி முடித்த பெண்ணுடன் முதன்முறையாகத் தனியே இரவு உணவுக்குச் செல்லும் ஓர் ஆண் என்ன அணியலாம் என்ற கேள்விக்கு என் விடை இது: அளவு கொடுத்துத் தைத்த கடல்நீலக் கம்பளிக் கோட்டு, சாம்பல் நிற பேன்ட், மேல் பட்டன் திறந்த வெள்ளைச் சட்டை, அடர் பழுப்பு ஷூ, டை வேண்டியதில்லை. இந்த மதிப்புரை முக்கியமாக அந்தக் கோட்டையும், அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அதைத் தைத்துக் கொடுத்த சிறிய தையற்கடையையும் பற்றியது. துணி 4,600 ரூபாய், தையற்கூலி 6,500, பிறகு சேர்ந்த லைனிங் 400 என மொத்தம் 11,500 ரூபாய் ஆயிற்று. குறைகளையும் எழுதவிருப்பதாலும், ஒரே ஒரு கட்டிங் மாஸ்டரை நம்பி ஓடும் கடை என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். இங்கே சொல்பவற்றை எந்தத் தையற்கடையிலும் கேட்டுப் பெறலாம்.

முறையான உடை என்றதும் நம் ஊரில் பலருக்கும் கறுப்பு சூட்டும் பளபளக்கும் டையும்தான் நினைவுக்கு வருகின்றன. திருமண வரவேற்பு மேடைகள் அந்தப் படத்தை அவ்வளவு ஆழமாகப் பதித்துவிட்டன. மேடையில் அணிவது, தூரத்திலிருந்து பார்க்கும் கூட்டத்துக்கும் புகைப்படக்காரரின் வெளிச்சத்துக்கும் ஏற்ற உடை. உணவு மேசையிலோ ஒரே ஒருவர், மூன்றடி தூரத்தில், இரண்டு மணி நேரம் நம் காலரையும் தோளையும் மணிக்கட்டையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். கறுப்பு சூட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நட்சத்திர விடுதிகளில் உணவக மேலாளர்கள் அணிவதும் பெரும்பாலும் அதையேதான் என்பதால், கை கழுவிவிட்டுத் திரும்பும் வழியில் பக்கத்து மேசைக்காரர் உங்களை அழைத்து பில் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. 1865-இல் லண்டனில் தையற்கடைகளுக்குப் பேர்போன சவில் ரோ தெருவில் ஹென்றி பூல் நிறுவனம் வேல்ஸ் இளவரசருக்குத் தைத்துக் கொடுத்த குட்டைக் கோட்டிலிருந்து வளர்ந்ததாகச் சொல்லப்படும் டின்னர் ஜாக்கெட்டும், அதனுடன் பட்டாம்பூச்சி வடிவில் கட்டும் கறுப்பு போ டையும் அழைப்பிதழே கேட்டாலொழிய இங்கே தேவைப்படுவதில்லை. நம் விடுதி உணவகங்கள் கேட்பதெல்லாம் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் ரப்பர் செருப்பும் இல்லாமல் வர வேண்டும் என்பதுதான். ஆகவே கோட்டு அணிவது விடுதியின் கட்டாயத்தால் நேர்வதில்லை. எதிரே அமர்பவர் பட்டுப் புடவையில் வரும்போது நாம் அலுவலகச் சட்டையோடு போய் நிற்கக் கூடாது என்பதற்காக நாமே எடுக்கும் முடிவு அது.

துணியைத் தையற்கடையில் எடுக்கவில்லை. அங்கே காட்டிய மாதிரிப் புத்தகங்களில் இருந்தவை பெரும்பாலும் டெர்ரி ரேயான், அதாவது பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்தவை. விலை குறைவு, கசங்காது, துவைப்பதும் எளிது. பள்ளி ஆண்டு விழாவுக்கும் அலுவலக நேர்காணலுக்கும் அதுவே போதும். ஆனால் பாலியெஸ்டர் மிகுந்த துணி உடலின் வெப்பத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். தவிர, மேசைக்கு மேல் தொங்கும் மஞ்சள் விளக்கின் கீழே அதன் முழங்கையும் காலர் மடிப்பும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதனால் பாரிமுனைக்குப் போய், கோடவுன் தெருவில் சூட்டிங் துணி விற்கும் கடைகளில் தேடினேன்.

கம்பளித் துணியா, அதுவும் சென்னையிலா என்று கேட்பவர்களுக்குப் பதில் துணியின் எடையில் இருக்கிறது. குளிர்நாட்டு மேலங்கிகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கும் மேற்பட்ட துணி எடுப்பார்கள். நமக்கு வேண்டியது 230 முதல் 260 கிராம் வரையிலான, சற்றே இடைவெளி விட்டு நெய்த துணி. கம்பளி இழை தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொடும்போது நனைந்ததாகத் தெரியாது. இயற்கையாகவே சுருள் கொண்ட இழை என்பதால், நாற்காலியில் விழுந்த மடிப்பும் எழுந்து நடந்த சிறிது நேரத்தில் தானே நீங்கிவிடும். லினனுக்கு இந்தக் கடைசிக் குணம் கிடையாது. ஆட்டோவில் ஏறி இறங்குவதற்குள் முதுகுப்பக்கம் முழுவதும் கோடு கோடாகிவிடும். கடற்கரை ஓரத்து மாலை விருந்துக்கு அது அழகாகவும் இருக்கலாம், வெள்ளை மேசைவிரிப்புக்கு முன்னால் அலங்கோலமாகத் தெரியும். துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் நெசவின் ஊடே வெளிச்சம் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். கைப்பிடிக்குள் இறுக்கி, பத்து எண்ணிவிட்டு விட்டால் விரிந்துகொள்ள வேண்டும். நான் எடுத்தது ஹாப்சாக் எனப்படும் கூடைப்பின்னல் நெசவு. இரண்டும் நன்றாகவே நடந்தன.

துணியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'சூப்பர் 100', 'சூப்பர் 120' போன்ற எண்களைக் காட்டி விலையை ஏற்றுவது விற்பனையாளர்களின் வழக்கம். அந்த எண் இழையின் நுண்மையைக் குறிக்கிறது: 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மிகாது, 120 என்றால் 17.75-க்கு மிகாது. எண் ஏற ஏறத் துணி மென்மையாகும், கூடவே உழைப்பும் குறையும். மேசை விளிம்பில் கையூன்றி உட்காரும் பழக்கமுள்ளவருக்கு 100 அல்லது 110 போதும். இந்த அளவுமுறை தூய கம்பளித் துணிகளுக்கென வகுக்கப்பட்டது. இருந்தும் பாலியெஸ்டர் கலவையின் ஓரத்திலும் அதே எண்ணைத் தாராளமாக அச்சடித்துவிடுகிறார்கள். நான் சந்தேகப்பட்டதும் கடைக்காரர் பேசாமல் துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சி உரசிப் பற்றவைத்துக் காட்டினார். முடி கருகும் நாற்றம் வந்தது, நூல் விரலுக்கிடையில் சாம்பலாக உதிர்ந்தது. பாலியெஸ்டராக இருந்தால் உருகி, முனையில் கடினமான சிறு மணியாகத் திரண்டிருக்கும். அடுத்து, துணியைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும். உள்ளே கறுப்பாகத் தெரிந்த இரண்டு துணிகள் வெளியே கடல்நீலமாயின. கடல்நீலம் என்று காட்டப்பட்ட ஒன்று பள்ளிச் சீருடையின் நீலமாக வெளுத்தது. 58 அங்குல அகலத் துணியில் என் உடலுக்கு ஒரு கோட்டு தைக்க இரண்டு மீட்டர் போதுமானதாக இருந்தது.

கடையின் கட்டிங் மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அளவெடுக்கும்போது அவர் எதையும் எழுதுவதில்லை; எண்களை உரக்கச் சொல்லச் சொல்ல, மேசையில் இருக்கும் பையன் நீள நோட்டில் குறித்துக்கொண்டு, என் துணியிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி அதே பக்கத்தில் பின் குத்தி வைக்கிறான். அளவெடுக்கும் முன் என்னை அந்தக் கடையின் குறுகிய நடைவழியில் இரண்டு தரம் நடந்துவிட்டு வரச் சொன்னார். இன்ச் டேப்பைக் கையில் எடுத்தவுடன் யாருமே நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதாகவும், அந்த அளவுக்குத் தைத்தால் வீட்டுக்குப் போனதும் கோட்டு பெரிதாகிவிடுவதாகவும் சொன்னார்.

நான் கேட்டவை நான்கு: தோளில் மெல்லிய பேட், முன்பக்கத்தில் ஒட்டுப்பசைக்குப் பதிலாகக் கேன்வாஸ், பாதி லைனிங், சற்று மேலேற்றி வெட்டிய கைக்குழி, அதாவது கோட்டின் கை உடல் பகுதியோடு இணையும் துளை. முதல் மூன்றுக்கும் தலையசைத்தவர், நான்காவதற்கு நின்றுவிட்டார். "மேல ஏத்துனா அக்குள்ல பிடிக்கும் தம்பி. அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க." பெரும்பாலான தையற்கடைகளின் எண்ணமும் இதுதான், கைக்குழி பெரிதாக இருந்தால் கைக்கு வசதி என்று நினைக்கிறார்கள். நடைமுறையில் நடப்பதோ இதற்கு நேரெதிர். கைக்குழி தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் கோட்டின் உடல் பகுதி முழுவதும் கூடவே ஏறும், காலர் கழுத்தை விட்டு விலகும், தோள் இரண்டும் காதை நோக்கி எழும். மேடையில் கைகளைத் தொங்கவிட்டு நிற்பவருக்கு இது தெரியவே தெரியாது. மேசையில் தண்ணீர்க் குவளையை எடுக்கவும், பரிமாறும் கரண்டியைப் பிடிக்கவும், எதிரே இருப்பவருக்கு ரொட்டிக் கூடையை நீட்டவும் கை நீண்டுகொண்டே இருக்கும்போது வேறொன்றுமே தெரியாது. விருந்துக்கான கோட்டில் ஒரே ஒன்றைத்தான் வற்புறுத்த முடியும் என்றால் நான் இதைத்தான் வற்புறுத்துவேன். கடைசியில் மாஸ்டர் அரை அங்குலம் ஏற்றச் சம்மதித்தார். அந்த அரை அங்குலமே போதுமானதாக இருந்தது.

கேன்வாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டின் மார்புப் பகுதி விறைப்பாக நிற்பதற்காக உள்ளே ஓர் அடுக்கு வைப்பார்கள். மலிவான முறையில் அதைப் பசையிட்டு, சூட்டில் அழுத்தித் துணியோடு ஒட்டிவிடுகிறார்கள். சில டிரைகிளீனிங்குக்குப் பிறகு பசை விட்டு, மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும் அபாயம் அதில் உண்டு. குதிரைமுடி கலந்த கேன்வாஸை நூலால் தைத்துப் பொருத்தினால் அந்தத் தொல்லை இல்லை, கோட்டும் நாளாக ஆக மார்பின் வடிவத்துக்குப் பழகிவிடும். வாங்குமுன் சோதிப்பது எளிது: கீழ்ப் பட்டன் காஜாவுக்கு அருகே, வெளித்துணியை ஒரு விரலாலும் உள்துணியை இன்னொரு விரலாலும் பிடித்து இழுத்தால், நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவுவது தெரியும். மார்பு வரை மட்டும் கேன்வாஸ் வைக்கும் பாதி முறையில் கீழே அது அகப்படாது, மேலே தேடிப் பார்க்க வேண்டும். எனக்குத் தைத்தது அந்தப் பாதி முறைதான். விலைக்கு அது நியாயமே.

ட்ரையலின்போது மாஸ்டரின் கைத்திறன் தெரிந்தது. வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டி வைத்திருந்த கோட்டை எனக்கு மாட்டிவிட்டு, நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார். என் இடது தோள் வலதைவிடச் சற்றுத் தாழ்ந்தது என்பது எனக்கே அதுவரை தெரியாது. அவர் அதைச் சொல்லவும் இல்லை. இடது தோளின் ஓட்டுத்தையலைப் பிரித்து, பேட்டுக்கு அடியில் பஞ்சு அடுக்கு ஒன்றைச் செருகி, திரும்பவும் நான்கடி தள்ளி நின்று பார்த்தார். இடது மார்பில் அதுவரை இருந்த சாய்வான மடிப்பு போய்விட்டது. இடுப்பையும் கை நீளத்தையும் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தோள் பிசகினால் கோட்டையே பிரித்துத் தைத்தாக வேண்டும். ரெடிமேட் வாங்குவோரும் தோளை முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். கை நீளத்தை, சட்டைக் கஃப் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியுமளவுக்கு நிறுத்திக்கொண்டேன்.

இனி குறைகள். சொன்ன தேதிக்குக் கோட்டு வரவில்லை. அதற்கு மேலும் ஒரு வாரம் கழிந்தது. தொலைபேசியை எடுக்கும் பையன் "நாளைக்கு வாங்கண்ணா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாதவனாக இருந்தான். விருந்தின் தேதி முடிவானபின் தைக்கக் கொடுப்பவர்கள் இந்தக் கடையைத் தவிர்ப்பது நல்லது. லைனிங்குக்கு விஸ்கோஸ் கேட்டிருந்தேன், தைத்து வந்ததோ பாலியெஸ்டர். கையை உள்ளே விட்டதும் முடியெல்லாம் சிலிர்த்து ஒட்டிக்கொண்டதிலேயே அது தெரிந்துவிட்டது. மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் முன்பு பேசாத 400 ரூபாயை பில்லில் சேர்த்துவிட்டார்கள். தொகை பெரிதில்லை, தங்கள் தவற்றைத் திருத்துவதற்கு வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டன்களும் மோசம்: பிளாஸ்டிக், அதிலும் பளபளப்பானவை. மாட்டுக்கொம்பின் ரேகை கொண்ட மங்கலான பட்டன்களை நானே வாங்கிக் கொடுத்து மாற்றச் சொன்னேன்.

விருந்து நாளன்று வெளியே நல்ல புழுக்கம். மெட்ரோவில் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்ததால் கோட்டை அணிந்து வரவில்லை. இப்படி எடுத்து வருவதற்கு ஒரு முறை இருக்கிறது: ஒரு தோளை உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, மற்றத் தோளை அதற்குள் செருகி, லைனிங் வெளிப்புறமாக இருக்கும்படி நீளவாக்கில் மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டால் தூசியும் ஒட்டாது, கழுத்துப் பகுதியும் நசுங்காது. விடுதியின் முகப்பில் அணிந்துகொண்டு உள்ளே போனதும் ஏ.சி. குளிருக்கு அது இதமாகவே இருந்தது. உணவகக் குளிரில் எதிரே இருப்பவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ள நேரும்போது, கழற்றித் தருவதற்கு நம்மிடம் ஒன்று இருப்பதும் நல்லதே.

நிற்கும்போது மேல் பட்டனை மட்டும் போட வேண்டும், உட்காரும்போது அதையும் திறந்துவிட வேண்டும். கீழ்ப் பட்டனை எப்போதுமே போடுவதில்லை. ஏழாம் எட்வர்டு மன்னரின் தொப்பையால் வந்த வழக்கம் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இன்றைய இரண்டு பட்டன் கோட்டுகள் கீழ்ப் பட்டன் திறந்திருக்கும் என்ற கணக்கிலேயே வெட்டப்படுகின்றன, போட்டால் இடுப்பில் இழுக்கும். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அமர்ந்திருந்தும் காலர் கழுத்தை விட்டு அகலவில்லை. நான் ரொட்டியும் பருப்பும் கையால் சாப்பிடும்போது கஃப் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்பது சற்று ஆபத்தானது; முதல் வாய்க்கு முன் இரண்டு கைகளையும் நாசூக்காக அரை அங்குலம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். எதிரே இருந்தவர் அதைக் கவனித்துவிட்டார். பிறகு கோட்டைப் பற்றிக் கேட்டபோது, "ஆஃபீஸ் மீட்டிங்ல இருந்து நேரா வந்த மாதிரி இருக்குமோன்னு பயந்தேன், அப்படி இல்லை" என்றார். டை இல்லாததும், கோட்டும் பேன்ட்டும் வெவ்வேறு நிறத்தில் இருந்ததும்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரே துணியில் தைத்த முழு சூட்டு இந்த மேசையில் வங்கி அதிகாரியின் தோற்றத்தைக் கொடுத்திருக்கும். அவர் என்ன உடுத்தி வருகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததும் உதவியது. அவர் மெல்லிய கரை கொண்ட கைத்தறிப் பட்டில் வருவதாகச் சொன்னதை வைத்தே கோட்டு என்று முடிவு செய்தேன். சுடிதார் என்று சொல்லியிருந்தால் சட்டையோடு நிறுத்திக்கொண்டிருப்பேன்.

கோட்டில் அன்று தெரிந்த குறை ஒன்றுண்டு. உட்பையில் கைப்பேசியை வைத்ததும் இடதுபக்கம் கீழே தொங்கியது. பையின் அடியை லைனிங்கோடு மட்டுமே இணைத்திருக்கிறார்கள், கேன்வாஸோடும் ஒரு தையல் போட்டிருந்தால் எடையைத் தாங்கியிருக்கும்.

சட்டையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காலரைத் தவிர. டை கட்டாதபோது மென்மையான காலர் கோட்டின் மடிப்புக்கு அடியில் சரிந்து நசுங்கிவிடும். உள்ளே விறைப்பான பட்டை வைத்த காலரைக் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே பனியன் அவசியம். அது வட்டக் கழுத்தாக இருந்தால் திறந்த மேல் பட்டன் வழியே எட்டிப் பார்க்கும் என்பதால் 'வி' கழுத்து நல்லது. பேன்ட்டின் கீழ் விளிம்பு ஷூவைத் தொட்டு நிற்க வேண்டும், அதன்மேல் சுருண்டு விழக் கூடாது. பர்ஸ், சாவிக்கொத்து, கைப்பேசி மூன்றையும் பேன்ட் பைகளில் அடைத்துக்கொண்டு வந்தால் எவ்வளவு நல்ல தையலும் வீணாகிவிடும். ஷூவுக்கு, நெடுநாளாக ஏற்றுமதிக்குக் காலணி செய்துவரும் ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் சரக்கு கைக்கெட்டும் விலையிலேயே கிடைக்கிறது. கயிறு கட்டும் வகையும், கணுக்காலுக்கு மேல் ஏறும் சாக்ஸும் போதும். கால்மேல் கால் போடும்போது தோல் தெரியக் கூடாது.

கோட்டை அறவே வேண்டாம் என்பவர்களுக்கு வேட்டி இருக்கிறது. அது இரண்டாந்தரத் தேர்வு என்று நான் நினைக்கவில்லை. 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வாசலிலேயே தடுக்கப்பட்டார். சட்டமன்றம் வரை எழுந்த எதிர்ப்பின் விளைவாக, வேட்டி அணிந்து வருபவரைக் கிளப்புகளும் சங்கங்களும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு கொண்டுவந்தது. ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அதில் உண்டு. ஆகவே அனுமதி பற்றிய தயக்கம் தேவையில்லை. நடைமுறைத் தேவைகளைத்தான் கவனிக்க வேண்டும்: நாலு முழம் போதாது, எட்டு முழமே நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது கண்ணியமாக நிற்கும், கரை மெல்லியதாகவும், சட்டை முழுக்கையாகவும் இருந்தால் கல்யாண வீட்டுக் களை குறையும், உள்ளே பெல்ட் கட்டாயம். பழக்கமில்லாதவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாமல், வெல்க்ரோ ஒட்டும் வேட்டியையாவது வாங்கிக்கொள்ளலாம். கழுத்துவரை மூடும் ஜோத்பூரி கோட்டு பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் காரமான குழம்பைச் சாப்பிட்டு வியர்க்கும்போது கழுத்தைத் தளர்த்த அதில் வழியில்லை.

வாடகைக்குக் கிடைக்கும் சூட்டுகளையும் போய்ப் பார்த்தேன். எல்லாமே வரவேற்பு மேடைக்கானவை. மடிப்பு விளிம்பில் சாட்டின் பட்டை, சிலவற்றில் கல் பதித்த ஊசி. இந்தத் தேவைக்கு அவை உதவாது. ரெடிமேட் கோட்டு, உடலமைப்பு பொருந்துபவருக்கு, தைப்பதைவிட விரைவானது. தாமதமும் தகராறும் கிடையாது. தோள் சரியாக அமைந்தால் அதை வாங்கி, கையையும் இடுப்பையும் ஆல்டர் செய்துகொள்வதில் தவறே இல்லை. அதன் பின்பக்கப் பிளவில் குறுக்காகப் போட்டிருக்கும் 'எக்ஸ்' வடிவத் தையலையும், கையின் வெளிப்புறத்தில் தைத்திருக்கும் நிறுவனப் பட்டையையும் அணியுமுன் பிரித்துவிட வேண்டும். அவை கடையிலும் போக்குவரத்திலும் இருக்க வேண்டியவை. அவற்றோடே விருந்துக்கு வருபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

பராமரிப்பில் சென்னையின் ஈரக்காற்றுதான் எதிரி. அணிந்த இரவே பீரோவில் வைத்துவிடாமல், அகலமான மர ஹேங்கரில் மாட்டி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விட்டுப் பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்து வைக்க வேண்டும். டிரைகிளீனிங்கை ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் தவிர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் பூஞ்சை படியும் என்பதால், பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகப் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி வைப்பதே நல்லது.

இதே கடையில் அடுத்த கோட்டையும் தைப்பேனா என்றால், தைப்பேன். மாஸ்டரின் கத்தரிக்காகவும், தோளுக்காகவும். லைனிங்கையும் பட்டனையும் நானே வாங்கிக் கொடுத்து, கூலி முழுவதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன். போக நினைப்பவர்கள் கல்யாண முகூர்த்தங்கள் இல்லாத ஆடியில் போவது நல்லது. மாஸ்டர் நிதானமாக இருப்பார், கடைகளில் துணிக்குத் தள்ளுபடியும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தில் அந்தச் சந்துப் பக்கமே போக வேண்டாம்.